வெள்ளமும் கட்டிடமும்: சேத இடர்நேர்வைக் கணிக்கும் முறை

பூண்டுலோயா என்பது ஊரின் பெயராதற்கு முன்னர் ஆற்றின் பெயராகும். டன்சினன் அருவியாய் வீழ்ந்து நம் ஊரைத் தழுவி ஓடும் இச்சிற்றாறு கொத்மலை ஓயாவிற் கலந்து, கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைந்து, பின்னர் மகாவலி கங்கையோடு சென்று திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவிற் சங்கமமாகின்றது. நீரைப் பிரிக்கும் மலைமுகட்டுக்கு அப்பால் மேற்கே பெய்யும் மழையோ வேறொரு வழி பற்றிச் செல்கின்றது. கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் அம்மழையை ஏந்தி, காசல்ரீ, மவுசாக்கலை ஆகிய நீர்த்தேக்கங்களில் தங்கி, கீழிறங்கி ஒன்றுகூடிக் களனி கங்கையெனப் பெயர் பெற்றுக் கொழும்பு மாநகரின் வடபால் கடலை அடைகின்றன. ஒரே முகிற்கூட்டம் ஒரு முகட்டின் இருபுறத்தும் பொழிந்து, ஒரு பாதி கீழ்க்கடலுக்கும் மறு பாதி மேல்கடலுக்குமாகப் பிரிந்து செல்லும் விந்தையை நாம் நாள்தோறும் காண்கின்றோமாயினும், அதனைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே.

ஆதலின், கடற்கரை நகரொன்றில் வெள்ளத்தாற் கட்டிடங்களுக்கு நேரக்கூடிய சேதத்தை முன்கூட்டியே மதிப்பிடுவது எவ்வாறு என்னும் வினா மலைநாட்டாராகிய நமக்கு அயலானதன்று. நம் மலையிற் பெய்யும் மழையே அந்நகரின் சுவர்களை நனைக்கின்றது. அன்றியும், அந்நகருக்கென வகுக்கப்பட்ட கணக்குமுறையை நம் மலைச்சரிவுகளுக்குப் பொருத்திப் பார்க்கும்போது, அம்முறையின் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படும். இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பும் களனியும்

களனி கங்கை ஏறத்தாழ 145 கிலோமீற்றர் நீளமுடையது. தலைப்பாகத்தில் செங்குத்தான மலைகளிலிருந்து விரைந்து இறங்கும் இந்நதி, இறுதிப் பாகத்திற் கடல்மட்டத்தை ஒட்டிய சமதரையில் தவழ்ந்து செல்கின்றது. வறட்சிக் காலத்தில் உவர்நீர் அம்பத்தலைக் குடிநீர் நிலையத்தை நோக்கி ஆற்றின் வழியே ஏறி வர முயல்வதொன்றே அப்பகுதியின் சரிவு எத்துணைச் சிறிதென்பதை உணர்த்தும். விரைந்து வரும் நீர் சென்று வடிதற்குப் போதிய சரிவில்லாத இடத்தில் நகரம் அமைந்திருக்கின்றது. கொழும்பின் வெள்ளப் பிரச்சினைக்கு அடிப்படை இதுவே.

கொழும்பில் நாகலகம் வீதியில் உள்ள நீர்மட்ட அளவுகோல் களனியின் நாடியைக் காட்டும் கருவி எனலாம். அங்கு நீர் ஐந்தடியை எட்டினாற் சிறுவெள்ளமென்றும், ஏழடியை எட்டினாற் பெருவெள்ளமென்றும் வழங்குவர். 1947 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவ்வளவுகோலில் நீர் பன்னிரண்டடியையும் கடந்தது. 1989 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒன்பதடியைக் கடந்தது. 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏழடிக்கு மேலாக உயர்ந்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, களனி முதலாய தாழ்நிலப் பகுதிகள் நாட்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தன.

இவ்விடத்து ஓர் உண்மையை மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 2016 இல் வந்த வெள்ளம் 1947 இல் வந்ததினும் உயரத்தாற் குறைந்தது. எனினும், அது தொட்ட வீடுகளின் தொகை சிறிதன்று. ஏனெனில், இடைப்பட்ட ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் சதுப்பு நிலங்கள் மேடாக்கப்பட்டு, வயல்கள் மனைகளாகி, முன்னர் நீர் நின்ற இடங்களில் மக்கள் குடியேறினர். ஆற்று வெள்ளமேயன்றி, நகரின் மீதே பெய்யும் மழையும் வெள்ளத்தை விளைக்கும். 1992 ஜூன் 4 ஆம் நாள் கொழும்பில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2010 நவம்பரில் ஓர் இரவிற் பெய்த பெருமழையால் நாடாளுமன்றக் கட்டிடத்தின் சுற்றுப்புறமும் நீரில் ஆழ்ந்தது. நீரை ஏந்தித் தாங்கும் சதுப்பு நிலங்களின் அருமை அதன்பின்னரே பலருக்குப் புலனாயிற்று. எஞ்சிய சதுப்பு நிலங்களைப் பேணியமைக்காக 2018 இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சதுப்புநில நகரம் என்னும் தகுதி கொழும்புக்கு வழங்கப்பட்டது.

ஆகவே, வெள்ளம் வேறு, வெள்ளச் சேதம் வேறு. முன்னது இயற்கையின் செயல். பின்னது இயற்கையும் மனிதனும் கூடி விளைப்பது. அமெரிக்கப் புவியியலறிஞர் கில்பர்ட் வைட் 1945 இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வேறுபாட்டை வற்புறுத்தினார். இன்று உலகெங்கும் வழங்கும் மதிப்பீட்டு முறைகள் அனைத்தும் இவ்வடிப்படையின் மேலேயே எழுந்துள்ளன.

மூன்று உறுப்புக்கள்

சேத இடர்நேர்வு என்பது மூன்று உறுப்புக்களின் பெருக்கமாகும். முதலாவது ஆபத்து, அஃதாவது, எத்துணை உயரமான வெள்ளம் எத்தனை ஆண்டுக்கொருமுறை வரக்கூடும் என்பது. இரண்டாவது அகப்படுதல், அவ்வெள்ளம் பரவும் நிலத்தில் எத்தனை கட்டிடங்கள் உள, அவற்றின் பெறுமதி யாது என்பது. மூன்றாவது நலிவு, நீர் புகுந்தால் அக்கட்டிடம் எவ்வளவு சிதையும் என்பது. இம்மூன்றில் யாதானும் ஒன்று பூச்சியமாயின் இடர்நேர்வும் பூச்சியமாகும். மனிதர் வாழாத காட்டில் எத்துணைப் பெரிய வெள்ளம் வந்தாலும் கட்டிடச் சேதமில்லை. நீருக்கு எட்டாத உயரத்தில் தளமமைத்த வீட்டைச் சூழ்ந்து நீர் நின்றாலும் வீட்டுக்குள் இழப்பில்லை.

முதலாவது உறுப்பை அறிதற்கு நிகழ்தகவுக் கணிதம் துணைபுரியும். ஆண்டுதோறும் ஆறு எட்டிய மிக உயர்ந்த மட்டங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு மட்டத்துக்கும் உரிய மீள்வருகைக் காலத்தைக் கணிப்பர். 'நூற்றாண்டு வெள்ளம்' என்னும் தொடர் இவ்வழியிற் பிறந்தது. இத்தொடரைப் பிழையாக விளங்கிக்கொள்வோர் பலர். இவ்வாண்டு வந்துவிட்டமையால் இனி நூறாண்டுக்கு வாராது என்பது அதன் பொருளன்று. எந்த ஓர் ஆண்டிலும் அவ்வளவு பெரிய வெள்ளம் வருதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புண்டு என்பதே பொருளாகும். அவ்வாறாயின், முப்பதாண்டுக் கடனில் வீடு கட்டும் ஒருவர் கடன் தீருமுன் அத்தகைய வெள்ளத்தை ஒருமுறையேனும் காணும் வாய்ப்பு எவ்வளவு? ஓர் ஆண்டில் அது வாராதிருக்கும் வாய்ப்பு 0.99. முப்பதாண்டும் வாராதிருக்கும் வாய்ப்பு 0.99 ஐ முப்பது முறை பெருக்க வருவது. அஃது ஏறத்தாழ 0.74 ஆகும். எஞ்சிய 0.26, அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேற்பட்டது, வெள்ளம் வருதற்கான வாய்ப்பு. நான்கிலொரு வாய்ப்பை எவரும் அலட்சியஞ் செய்யார்.

மூன்றாவது உறுப்பாகிய நலிவை அளத்தற்கு ஆழ–சேத வளைகோடு என்னும் வரைபடத்தைப் பயன்படுத்துவர். நீரின் ஆழம் கிடை அச்சிலும், கட்டிடப் பெறுமதியில் அழிந்த விழுக்காடு நிலை அச்சிலும் குறிக்கப்படும். இக்கோடு சீராக ஏறுவதன்று. நீர் வாயிற்படியைத் தாண்டாதவரை இழப்பு மிகச் சிறிது. தளத்தைத் தொட்ட மாத்திரத்தே பாய், மெத்தை, அரிசிமூட்டை, பிள்ளைகளின் புத்தகம் யாவும் அழியும். இரண்டு மூன்றடி உயர்ந்தால் மின்னிணைப்புக்களும் கதவு நிலைகளும் மரத்தளபாடங்களும் பழுதாகும். அதற்கு மேலும் நீர் உயர்ந்தால் அதே விரைவில் இழப்புப் பெருகுவதில்லை. அழியக்கூடியவற்றுட் பெரும்பாலானவை முன்னரே அழிந்துவிடுகின்றன. கட்டிடப் பொருளும் இங்கு முக்கியமானது. சீமெந்துச் சாந்திட்ட செங்கற் சுவர் நனைந்து காய்ந்தபின் நிலைத்து நிற்கும். களிமண் சுவரோ அடியிற் கரைந்து சரிந்துவிடும். நீர் ஒரு நாள் நின்றதா ஒரு வாரம் நின்றதா, தெளிந்து நின்றதா சேறும் கழிவும் கலந்து நின்றதா என்பவற்றையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

கணக்கு ஓர் எடுத்துக்காட்டு

இம்மூன்றையும் இணைக்கும் வகையை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்குவாம். ஆற்றை அடுத்த ஒரு வீட்டின் பெறுமதி பொருள்களோடு சேர்த்து நாற்பது இலட்சம் ரூபா எனக் கொள்க. பத்தாண்டு வெள்ளம் அதன் தளத்தைத் தொடும் அளவில் நின்றுவிடுகின்றது, சேதமில்லை. இருபத்தைந்தாண்டு வெள்ளம் ஓரடி புகுந்து பத்து விழுக்காட்டை, அதாவது 4 இலட்சத்தை, அழிக்கின்றது. ஐம்பதாண்டு வெள்ளம் மூன்றடி புகுந்து இருபத்தைந்து விழுக்காட்டை, அதாவது 10 இலட்சத்தை, அழிக்கின்றது. நூற்றாண்டு வெள்ளம் ஆறடி புகுந்து நாற்பது விழுக்காட்டை, அதாவது 16 இலட்சத்தை, அழிக்கின்றது.

இவ்வெள்ளங்களின் ஆண்டு நிகழ்தகவுகள் முறையே 0.10, 0.04, 0.02, 0.01 ஆகும். அடுத்தடுத்த இரு நிகழ்தகவுகளின் வேறுபாட்டை அவற்றுக்குரிய சேதங்களின் சராசரியாற் பெருக்குதல் வேண்டும். முதலிரண்டுக்கும் இடையே 0.06 ஐ 2 இலட்சத்தாற் பெருக்க 12,000 ரூபா, அடுத்து 0.02 ஐ 7 இலட்சத்தாற் பெருக்க 14,000 ரூபா, அடுத்து 0.01 ஐ 13 இலட்சத்தாற் பெருக்க 13,000 ரூபா. நூற்றாண்டு வெள்ளத்துக்கும் அதனிற் பெரியவற்றுக்குமாக 0.01 ஐ 16 இலட்சத்தாற் பெருக்க 16,000 ரூபா. கூட்டுத்தொகை 55,000 ரூபா. ஆற்றின் அருகே வாழ்வதற்காக அவ்வீட்டார் ஆண்டுதோறும் கண்ணுக்குப் புலப்படாமற் செலுத்தும் வாடகை இதுவெனலாம். பல ஆண்டுகளில் ஒரு சதமும் செலவாகாது. ஓர் ஆண்டிற் பல இலட்சம் ஒருங்கே போகும். நீண்ட காலத்தின் சராசரியே இத்தொகை.

இனி, அதே வீட்டை மூன்றடி உயர்ந்த அத்திவாரத்தின்மீது அமைத்ததாகக் கொள்வோம். ஐம்பதாண்டு வெள்ளமும் தளத்தைத் தொடுவதோடு நின்றுவிடும். நூற்றாண்டு வெள்ளம் மூன்றடியே புகுந்து 10 இலட்சத்தை அழிக்கும். மேற்கூறியவாறே கணக்கிட, 5,000 ரூபாவும் 10,000 ரூபாவும் கூடி 15,000 ரூபாவே ஆண்டுச் சேதமாகும். மிச்சம் 40,000 ரூபா. அத்திவாரத்தை உயர்த்த நான்கு இலட்சம் ரூபா செலவாயின், வட்டியை நீக்கிப் பார்க்குமிடத்து, பத்தாண்டில் அச்செலவு மீளும். மதிப்பீட்டின் பயன் இதுவே. அச்சத்தை எண்ணாக்கி, எதனைச் செய்வது தகும், எதனைச் செய்வது தகாது எனத் தெளிய அது துணைபுரிகின்றது.

இம்முறையை ஒரு நாடே கைக்கொண்ட வரலாறுண்டு. 1953 ஆம் ஆண்டு பெப்ருவரி முதலாம் நாள் வடகடல் பொங்கி நெதர்லாந்தின் அணைகளை உடைத்ததில் அந்நாட்டில் 1,836 பேர் மாண்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட டெல்டா ஆணைக்குழுவுக்காகக் கணிதவறிஞர் வான் டான்ட்சிக் என்பார், அணையை எத்துணை உயர்த்தினால் அணையின் செலவும் எதிர்பார்க்கும் சேதமும் கூடிய தொகை மிகக் குறைவாகும் என ஆராய்ந்தார். பதினாயிரம் ஆண்டுக்கொருமுறை வரக்கூடிய கடற்பெருக்கையும் தாங்குமாறு மத்திய ஒல்லாந்தைக் காத்தல் வேண்டும் என்னும் அளவுகோல் அவ்வாராய்ச்சிகளின் வழியே பிறந்தது.

கணக்கு மறைப்பது

இத்துணைச் சிறந்த முறையில் ஒரு குறையும் உண்டு. அதனை உணராது இம்முறையைக் கையாள்வது பெருந்தீங்காய் முடியும். நாற்பது இலட்சம் பெறுமதியான வீட்டின் அருகே நான்கு இலட்சம் பெறுமதியான பலகைக் குடிசை ஒன்று உளதென்க. மூன்றடி வெள்ளத்தில் முன்னது நாலிலொரு பங்கை இழக்க, பின்னது பாதிக்கு மேல், நூற்றுக்கு அறுபது பங்கை இழக்கின்றதெனக் கொள்வோம். முன்னதின் இழப்பு 10 இலட்சம். பின்னதின் இழப்பு 2 இலட்சத்து 40 ஆயிரம். ரூபாவைக் கூட்டும் அட்டவணையில் முன்னதே பெரிய சேதம். ஆனால், முன்னதில் வாழ்வார் வங்கிக் கணக்காலும் காப்புறுதியாலும் மீண்டெழுவர்; பின்னதில் வாழ்வார்க்கோ வாழ்நாள் உழைப்பே நீரோடு சென்றதாகும். பணத்தை மாத்திரம் அளக்கும் கோல் வறியோரின் சேதத்தைச் சிறியதெனவே காட்டும். அதன்படி அணை கட்டப்படின், செல்வர் வாழுமிடமே முதலிற் காக்கப்படும். ஆதலின், இழந்த தொகையோடு, இழந்தவரின் மொத்த உடைமையில் அஃது எத்தனை பங்கு, அவர் மீண்டெழ எத்தனை மாதம் செல்லும் என்பவற்றையும் அட்டவணையில் தனி நிரல்களாகச் சேர்த்தல் வேண்டும் என அறிஞர் பலர் இக்காலத்து வற்புறுத்துகின்றனர்.

மலைச்சரிவுக்குப் பொருத்துதல்

இனி இக்கணக்கை நம் மலைக்குக் கொண்டுவருவோம். இங்கு நீர் வீட்டினுட் புகுவதினும் நிலமே வீட்டின்மேல் வருதல் மிகுதி. தொடர்மழையால் மண்ணின் நுண்டுளைகளில் நீர் நிரம்ப, மண்துகள்களைப் பற்றி நிறுத்தும் உராய்வு குன்ற, சரிவு பாரந்தாங்காது வழுவுகின்றது. வெள்ளத்துக்கு ஆழ–சேத வளைகோடு உண்டு. மண்சரிவுக்கு அத்தகைய கோடு பெரும்பாலும் இல்லை. அது படியாக ஏறுவதன்று. ஒன்றுமில்லை, அன்றேல் முற்றும் என்பதே அதன் இயல்பு. ஓரடி வெள்ளத்தில் முழங்கால் நனைய நடந்து தப்பலாம். மலை வருமாயின் நடக்க நேரமிராது.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் தொடர்கள் மண்ணுள் மறைந்ததை மலையகத்தார் எவரும் மறவார். அச்சரிவு ஆபத்தானது என 2005 இலும் 2011 இலும் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, அவ்வறிவு குடிபெயர்வாக மாறவில்லை. லயனொன்றின் பெறுமதி யாது? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும், முன்னே ஓர் இஸ்தோப்பும், தகரக் கூரையும் கொண்ட பழங்கட்டிடம். அதில் வாழ்வார்க்கு அதன்மேல் உரிமைப் பத்திரமும் இல்லை. பணக்கணக்கிற் பார்த்தால் அதன் பெறுமதி ஏறக்குறையப் பூச்சியமாகும். மூன்று உறுப்புக்களில் ஒன்று பூச்சியமாயின் இடர்நேர்வும் பூச்சியம் என மேலே கூறினோம். அவ்விதியைக் கண்மூடிப் பின்பற்றினால், நாட்டிலேயே மிகுந்த ஆபத்தில் உள்ள வீடு இடர்நேர்வே இல்லாத வீடாகத் தோன்றும். கணக்குப் பிழையன்று, கணக்கினுட் புகுத்திய எண்ணே பிழை. கட்டிடத்தின் விலையை எழுதிய நிரலில், அதனுள் உறங்குவோரின் தொகையையும் எழுதியிருத்தல் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய 'டித்வா' புயல் இவ்விரு வகை இடரையும் ஒருங்கே காட்டிற்று. ஒருபுறம் நுவரெலியா, கண்டி, பதுளை முதலிய மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மறுபுறம் களனி பெருகிக் கொழும்பின் புறநகர்கள் நீரில் மூழ்கின. அறுநூறு பேருக்கு மேற்பட்டோர் நாடெங்கும் உயிரிழந்தனர். மலையின் இடரும் கடற்கரையின் இடரும் வெவ்வேறல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நாம் செய்யத்தக்கன

மண்சரிவுக்கு வளைகோடு இல்லையெனினும் எல்லைக்கோடு உண்டு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு ஆபத்து வரைபடங்களை ஆக்கியதோடு, மழையளவுகளை அடிப்படையாகக் கொண்ட எச்சரிக்கை முறையையும் வகுத்துள்ளது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றர் பெய்யின் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றர் பெய்யின், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்யின், உடனே வெளியேறுதல் வேண்டும். இம்மூன்று எண்களும் ஒவ்வொரு லயன் சுவரிலும் எழுதப்படத் தக்கவை. சுவரில் வெடிப்பு விரிதல், மரமும் கம்பமும் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல், புதிய ஊற்றுத் தோன்றுதல் ஆகியவை மழையளவுக்குக் காத்திராது புறப்படவேண்டிய அறிகுறிகளாகும்.

மழையை அளத்தற்குப் பெருங்கருவி வேண்டுவதில்லை. நேர்ச்சுவருள்ள ஒரு பாத்திரத்தை மரநிழலும் கூரைத்தாரையும் படாத வெளியில் வைத்து, நாள்தோறும் ஒரே வேளையில் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறித்தலே போதும். பாத்திரத்தில் எத்தனை மில்லிமீற்றர் உயரம் நீர் நிற்கின்றதோ, அத்தனை மில்லிமீற்றரே மழை. நம் கல்லூரி மாணவர் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் வருகின்றனர். அவருள் தோட்டத்துக்கு ஒருவர் இப்பணியை மேற்கொள்வாராயின், சில ஆண்டுகளில் இப்பள்ளத்தாக்கின் மழைக்கு நம்பகமான பதிவேடு ஒன்று நம் நூலகத்தில் அமையும். அதனோடு, ஒவ்வொரு லயனுக்கும் மேலுள்ள சரிவு, அடைபட்ட வடிகால், உறங்குவோர் தொகை, இரவில் ஓடிச் சேர்தற்குரிய பாதுகாப்பான இடம் ஆகிய நான்கையும் குறித்த வரைபடமும் வேண்டும்.

புதிய வீடுகள் எழும்போதும் இவ்வறிவு பயன்படல் வேண்டும். இந்திய உதவித் திட்டத்தின்கீழ் டன்சினன் தோட்டத்தில் அமைந்த தனிவீடுகள் 2018 இல் மக்களிடம் கையளிக்கப்பட்டன. லயனிலிருந்து தனிவீட்டுக்குச் செல்லுதல் பெரும்பேறு. ஆயின், வீட்டின் வடிவினும் வீடு நிற்கும் இடமே முதற்கண் ஆராயத்தக்கது என்பதைக் கொழும்பின் தாழ்நிலங்களும் நம் மலைச்சரிவுகளும் ஒருங்கே கற்பிக்கின்றன.

மழையைத் தடுக்க நம்மால் இயலாது. தேயிலைக்கும் நீர்மின்சாரத்துக்கும் அம்மழையே உயிர். அதனைத் தடுக்க நாம் விரும்பவும் மாட்டோம். அது வருமுன் எவருடைய வீடு எந்நிலையில் உள்ளது என எண்ணி எழுதிவைத்தல் இயலும். அவ்வேட்டில் எந்த வீடும் விலை குறைந்ததென்னும் காரணத்தால் விடுபடாதிருக்கப் பார்த்துக்கொள்வது கற்றோர் கடனாகும்.